இடது பக்கம்

அடுத்த அறையில் உறங்கும் சித்திக்கு,

முதலில் ஒரு கெஞ்சல்: இதை யாருக்கும் காட்டாதீர்கள், அம்மாவுக்குக் கண்டிப்பாக வேண்டாம். 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதத்தான் கை போனது. ஆனால் நான் நலமாக இல்லை. நீங்கள் நலம்தான், குறட்டை கேட்கிறது.

நேற்றிலிருந்து எனக்கு வயிற்றுவலி. சாயங்காலம் அப்பா டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் வலது பக்கம் அடிவயிற்றை அழுத்தி, "இங்க வலிக்குதாம்மா?" என்றார். இல்லை என்றேன். மறுபடி அழுத்தினார், மறுபடியும் உண்மையையே சொன்னேன். "அப்ப குடல்வால் இல்ல, வெறும் வாயு" என்று மருந்து எழுதிக் கொடுத்தார். "காத்துக்குப் போய் இவ்ளோ ஆர்ப்பாட்டமா?" என்று வழியெல்லாம் அப்பாவின் கிண்டல். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்த உங்களிடமும் அதையேதான் சொன்னார்.

எனக்கு வலிப்பது இடது பக்கம், சித்தி. அதை அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

என் கட்டைவிரல் வளைந்து மணிக்கட்டைத் தொடும். சட்டை மாட்டும்போதே தோள் கழன்றுகொள்ளும். அதனால்தானே வகுப்பில் என் பெயர் ரப்பர். மூட்டு டாக்டர் நம் இருவரிடமும் சொன்னாரே, "உள்ளயும் இவளுக்கு எல்லாம் தளர்வுதான், குடல், குடல்வால் எல்லாம் பக்கம் மாறிக் கிடக்கலாம். வயித்துவலின்னு யார்கிட்ட போனாலும் முதல்ல இதைச் சொல்லிடுங்க" என்று. சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கத்தி வைப்பார்கள். முழங்காலில் தையல் போட்டபோது, ஊறிய காகிதத்தைத் தைத்ததுபோல் நூல் தோலைக் கிழித்துக்கொண்டு வந்தது. முழங்காலுக்கே அப்படியென்றால் வயிற்றை யார் மூடுவது? அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். என் உடம்பில் கழன்றுகொள்ளாத மூட்டு தாடை ஒன்றுதான். உண்மையைச் சொல்லவாவது அது இன்று கழன்றிருக்கக் கூடாதா?

இப்போது காய்ச்சலும் அடிக்கிறது. காலையில் இதை உங்கள் கைப்பையில் வைத்துவிடுவேன். நீங்களாகவே கண்டுபிடித்ததுபோல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். தம்பிக்கு என் ஜியாமெட்ரி பாக்ஸ், எனக்கு ஏதாவது ஆனால் மட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ரப்பர்

பி.கு.: வலி நின்றுவிட்டது, சித்தி. சுவிட்சை அணைத்ததுபோல் நின்றுவிட்டது. மேலே எழுதியது எதுவும் வேண்டாம், கிழித்துப் போடுங்கள். வெறும் வாயுதான். ஆனால் உங்கள் வார்டில் ஒருவர் "வலி தானா போயிடுச்சு" என்று சிரித்தார், அப்போதுதான் எல்லோரும் ஓடினோம் என்று ஒருநாள் சொன்னீர்களே, அவருக்கும் குடல்வால்தானா, அது வெடித்ததால்தான் வலி நின்றதா? குறட்டை நின்றிருக்கிறது. கதவைத் தட்டுவது நீங்கள்தான். திறந்ததும் முதலில் இடது பக்கம் என்று