கையால் தொடவே இல்லை

நான் ஒருமுறை அருங்காட்சியகப் பொருள் ஒன்றைத் தின்றிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படியும் எங்கள் வீட்டுக்கு வந்தால் தேநீர் ஆறுவதற்குள் யாராவது உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லும்போது அது ஒரு முழுக் கவுனாக வளர்ந்திருக்கும். (என் புருஷனுடைய தமையன் சொன்னால் கவுன் போட்டிருந்த பொம்மையும் சேர்ந்து வரும்.) ஆகவே சரியான அளவை நானே எழுதி வைக்கிறேன். தின்றது இரண்டு சென்டிமீட்டர் நூல்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கலியாணம் கட்டி யாழ்ப்பாணத்திலிருந்து பாரிசுக்கு வந்து மூன்று வருடம். லா சப்பலில் ஒரு சேலைக் கடையின் பின்னறையில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் என்னைவிட நன்றாகத் தைக்கக்கூடியவர் யாருமில்லை என்பது அப்போதைய என் எண்ணம். (இப்போதும் பெரிய மாற்றமில்லை.) அந்த அறையில் ஐந்து பேருக்கு இரண்டு கத்தரிக்கோல். என்னுடையதை எப்போதும் யாராவது எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். தேடி அலுத்து, நூலைப் பல்லாலேயே கடித்து அறுக்கப் பழகிவிட்டேன். தையல்காரர் பலர் செய்வதுதான். ஆனால் என் பல் கொஞ்சம் படித்த பல். பருத்தி நூல் கடித்த இடத்தில் பஞ்சாகி விடும். பட்டு கீச்சென்று ஒரு சத்தம் போடும். பொலியெஸ்டர் இழுபட்டு, பல்லில் வழுக்கி, பிறகுதான் டக்கென்று அறும். கண்ணை மூடிக்கொண்டு கடித்தாலும் எது என்று சொல்லிவிடுவேன்.

நாங்கள் பாரிசுக்கு வெளியே செவ்ரானில் இவருடைய தமையன் வீட்டில் இருந்தோம். இரண்டு அறை வீட்டில் அவர்கள் ஐந்து பேர், நாங்கள் வரவேற்பறை சோபாவில் இரண்டு பேர். நல்ல மனிதர்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் புருஷனோடு ஒரு சண்டை பிடிப்பதென்றால்கூட ரயிலில்தான் பிடிக்க வேண்டும், அதுவும் இறங்கும் ஸ்டேஷன் வருவதற்குள் முடிக்க வேண்டும். அந்த நேரம் எபினேயில் ஒரு சின்ன வீடு அகப்பட்டது. கதவு இருந்தது, கதவுக்குத் தாழ்ப்பாளும் இருந்தது. வீட்டுக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இவருடைய ரெஸ்டோரண்ட் சம்பளம் மட்டும் போதாது, எனக்கும் குறைந்தது ஒரு வருடத்துக்கு முறையான கொந்த்ரா (வேலை ஒப்பந்தம்) வேண்டும். பின்னறையில் பிளவுஸ் தைப்பவளுக்குக் கொந்த்ராவுக்கு எங்கே போவது?

அந்த வேளையில்தான் மரி-லூர்து அக்கா வந்தார். பாண்டிச்சேரிக்காரர், என்னிடம் பிளவுஸ் தைக்கக் கொடுப்பவர், ஒரு அருங்காட்சியகத்தின் அலுவலகத்தில் வேலை. அங்கே பதினெட்டாம் நூற்றாண்டு உடைகளுக்கு ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்கள், பொம்மைகளுக்கு உள்பாவாடை தைக்க நல்ல கைத்தையல் தெரிந்த ஆள் தேவை என்றார்.

“இத பாரும்மா, ஒரு வாரம் எஸ்ஸே, சும்மா வேலை வாங்கிப் பாப்பாங்க. உன் வேலை புடிச்சிதுன்னா ஒரு வருஷம் கொந்த்ரா குடுப்பாங்க. நான்தான் உன் பேரச் சொல்லியிருக்கேன், என் மானத்த வாங்கிடாத. வாயத் தொறக்காம வேலையப் பாரு, அது போதும்.”

வாயைத் திறக்காமல். இந்தச் சொல்லை நினைத்தால் எனக்கு இப்போதும் காது சுடும்.

வேலைக்குப் போகுமுன் படித்துக்கொள்ளலாம் என்று இவரும் நானும் ரயிலில் போனில் பழங்கால அரச படங்களாகப் பார்த்தோம். மாவு பூசிய தலைகளோடு சீமாட்டிகள் மாடிப்படியில் ஓடினார்கள், மயங்கி விழுந்தார்கள். காதலன் முதுகில் இருந்த நாடாவை ஒரு இழுப்பு இழுத்தால் கவுன் முழுவதும் அவிழ்ந்து விழுந்தது. அந்த நேரம் பார்த்து முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்க, இவர் அவசரமாகப் போனை மடியில் கவிழ்த்தார்.

முதல் நாள் உண்மையான கவுனைப் பார்த்தேன். ஒரு இழுப்பில் அவிழ்வதா? உடுத்திவிடவே மூன்று பேர் வேண்டும். இடுப்பின் இரண்டு பக்கமும் கூடை கட்டி, பாவாடையை அகட்டி வைத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு லா சப்பல் மெத்ரோ வாசலில் நுழைய முடியாது, நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் போகவேண்டும். மார்புக் கச்சைக்குள் திமிங்கில எலும்பு. முன்பக்கத்தைப் பிடித்து வைப்பதற்கு ஹூக்கும் இல்லை, பொத்தானும் இல்லை, வெறும் குண்டூசி. அரசன் முன்னால் போய் ஒரு தும்மல் தும்மினால் என்ன கதி என்று நினைத்துக் குலை நடுங்கினேன்.

எல்லாவற்றையும்விட உள்தையல்தான் என்னை அதிரவைத்தது. வெளியே தங்கச் சரிகை மின்னுகிறது, உள்ளே கோணல்மாணலாக நீட்டு நீட்டுத் தையல், ஓரம் மடிக்காத துணி. இப்படி ஒரு பிளவுஸ் தைத்துக் கொடுத்தால் எங்கள் முதலாளி அக்கா முகத்திலேயே விட்டெறிவா. மகாராணிகள் இதைப் போட்டுக்கொண்டு நாட்டை ஆண்டிருக்கிறார்கள்.

எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் மதாம் கிளேர். மெலிந்த உருவம், குரல் உயராது, ஆனால் அவர் மூச்சு விட்டாலும் எனக்குப் பயம். முதல் வேலையாக ஒரு விதித் தாளைக் கொடுத்தார். மோதிரம், காப்பு கழற்ற வேண்டும். பேனா கூடாது, தண்ணீர்ப் போத்தல் கூடாது. கையுறை கட்டாயம். நான் தைக்கலாம், ஆனால் உள்ளே வைக்கிற புதுப் பாவாடையை மட்டும். பழைய உடையின் பக்கத்தில் கத்தரிக்கோல் வரவே கூடாது, அதைக் கையால் தொடவும் கூடாது. மரி-லூர்து அக்கா ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். நான் ஒவ்வொன்றுக்கும் “வூய், மதாம்” என்றேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அது பெரும்பகுதி.

நான்கு நாள் தங்கமாக நடந்துகொண்டேன். என் தையலை மதாம் கிளேர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். வியாழக்கிழமை மரி-லூர்து அக்கா காதோடு சொன்னார், கொந்த்ரா தட்டச்சாகி மேசையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை அருங்காட்சியக இயக்குநர் வந்து பார்த்ததும் கையெழுத்து. எபினே வீட்டுத் தாழ்ப்பாளின் சத்தம் எனக்கு அப்போதே கேட்டது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் எல்லாரும் இயக்குநரை வரவேற்க வாசலுக்குப் போயிருந்தார்கள். நான் மட்டும் முழங்காலில் நின்று கடைசிப் பொம்மையின் உள்பாவாடைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் கண்காட்சிக்கே முதன்மையான கவுன். நம் பக்கத்துக் கடலோரத்தில் நெய்து, கையால் பூவும் கொடியும் தீட்டி, கப்பலேற்றி வந்த பருத்தித் துணி. மரி-லூர்து அக்கா அதைக் கடந்து போகும்போதெல்லாம் “எங்க ஊர்த் துணி” என்று ஒரு முறையாவது சொல்லாமல் போனதில்லை.

ஊசியைக் குத்திவிட்டு நிமிர்ந்தேன். என் கண்ணுக்கு நேரே அந்தக் கவுனின் கைச்சுருக்கு. அதிலிருந்து ஒரு வெள்ளை நூல் தொங்கியது.

என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். கலியாண வீட்டில் தாலி கட்டுகிற நேரத்தில்கூட முன்னால் நிற்பவரின் பிளவுஸில் நூல் தொங்கினால் எனக்குப் பொறுக்காது. நம் ஊர்த் துணி, கண்காட்சியின் நடுநாயகம், இயக்குநர் வருகிறார், அதில் நூல் தொங்குகிறதா? வேறு பக்கம் பார்த்தேன். திரும்பப் பார்த்தேன். அது தொங்கிக்கொண்டே இருந்தது.

கத்தரிக்கோல் கூடாது. கையால் தொடக்கூடாது. விதித் தாளை மனதுக்குள் மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தேன். பல்லைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. விதிக்கு மரியாதையாக இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, கடித்தேன்.

நூல் இழுபட்டது, வழுக்கியது, டக்கென்று அறுந்தது. அதே நேரம் கதவு திறந்தது.

வாசலில் மதாம் கிளேர், அவருக்குப் பின்னால் இயக்குநர், கோட்டுப் போட்ட இரண்டு பேர், கடைசியில் மரி-லூர்து அக்கா. அவர்கள் கண்டது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முழங்காலில் நின்று, விலைமதிப்பில்லாத கவுனின் கையைக் கடித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண். ஆனால் பெரியவர்கள் வந்தால் வணக்கம் சொல்ல வேண்டும் அல்லவா? எழுந்து நின்று “போன்ஜூர்” என்றேன். சொல்லி முடித்து எச்சில் விழுங்கியபோதுதான் நூலும் சேர்ந்து போய்விட்டது என்று தெரிந்தது.

மதாம் கிளேர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். படத்தில் வருகிற மாவு பூசிய சீமாட்டிகளைவிட அவர் முகம் வெளுத்திருந்தது. நூல் எங்கே என்று மெல்லக் கேட்டார். நான் வயிற்றைக் காட்டினேன். இயக்குநர் நம்பாமல் தன் வயிற்றைத் தொட்டு, இங்கேயா என்பதுபோலப் பார்த்தார். தலையாட்டினேன்.

“மாதாவே! கடிச்சியா?” என்றார் மரி-லூர்து அக்கா.

“ஓமக்கா.”

“ஏன்டி?”

“தொங்கினது.”

“தொடக்கூடாதுன்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேனே!”

“கையாலை தொடக்கூடாதெண்டுதானே சொன்னனீங்கள்? நான் கையாலை தொடவே இல்லையக்கா.”

“இத நான் எப்படிப் பிரெஞ்சுல சொல்லுவேன்?” என்று தலையில் கை வைத்தார். ஆனாலும் சொன்னார். இயக்குநர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நானும் அழத் தொடங்கினேன். (சிரித்தார் என்பது பிறகு தெரிந்தது.)

இந்த நாட்டில் எது நடந்தாலும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். மதாம் கிளேர் தரையில் இருந்தபடியே சேதப் படிவத்தை நிரப்பினார். காணாமல் போன பகுதி: நூல். நீளம்: ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர். காரணம்: கடி. தற்போது இருக்கும் இடம் என்று ஒரு கட்டம் இருந்தது. பென்சில் அங்கே நெடுநேரம் நின்றது. பிறகு என் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு, “இன்னாரின் வயிறு” என்று எழுதினார். கோட்டுக்காரர் ஒருவர் மரி-லூர்து அக்காவிடம் ஏதோ கேட்டார். அக்கா, “இத நான் சொல்லமாட்டேன்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அவர் கையசைவிலேயே எனக்கு விளங்கிவிட்டது. நூலைத் திரும்ப எடுக்க வழியுண்டா என்று கேட்கிறார்! குடும்பப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது?

கொந்த்ரா போய்விட்டது, எபினே போய்விட்டது, இனிச் சாகும்வரை வரவேற்பறை சோபாதான் என்று விம்மி விம்மி அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே என் நாக்கு பல்லைத் தடவியது. இழுபட்டது, வழுக்கியது, டக்கென்று அறுந்தது. எனக்கு அழுகை நின்று கோபம் வந்தது.

“அக்கா, அது பழைய நூல் இல்லை. பொலியெஸ்டர்.”

“நீ பேசாம இரு.”

“சத்தியமா அக்கா. என்ர பல்லுக்குத் தெரியும். அவவிட்டைச் சொல்லுங்கோ.”

இனிப் போக மானம் மிச்சமில்லை என்ற துணிவில் அக்கா மொழிபெயர்த்தார். மதாம் கிளேர் என்னைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். எழுந்து போய் ஒரு ஊதா விளக்கைக் கொண்டுவந்து, அறை விளக்கை அணைக்கச் சொன்னார். அந்த வெளிச்சத்தில் பழைய நூல் இருண்டு கிடக்கும், வெண்மையேற்றிய இந்தக் காலத்து நூல் பளிச்சென்று ஒளிரும். நான் கடித்த இடத்தில் ஒரு புள்ளி ஒளிர்ந்தது. புள்ளியிலிருந்து ஒரு கோடு. கைச்சுருக்கைச் சுற்றி முழு வட்டமும் ஒளிர்ந்தது. முதுகுப் பக்கம் போனால் அங்கேயும் இரண்டு நீளக் கோடு.

மதாம் கிளேர் இரண்டாம் முறை தரையில் உட்கார்ந்தார்.

பிறகு விசாரித்ததில் உண்மை வெளிவந்தது. அருங்காட்சியகத்துக்கு வருமுன் அந்தக் கவுனை வைத்திருந்தவர் அதை ஒரு படப்பிடிப்புக்கு இரவல் கொடுத்திருக்கிறார். நடிகைக்கு அளவு காணாது என்று முதுகைப் பிரித்து அகட்டி, கைக்குப் புதிதாகச் சுருக்கு வைத்துவிட்டார்கள். இருநூறு வருடத்துக்கு மேல் தாங்கிய துணியை ஒரு படத்துக்காகக் கிழித்துத் தைத்தவரை யாரும் எந்தப் படிவத்திலும் எழுதவில்லை. கடித்த என்னை எழுதினார்கள்.

அன்றைக்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை. செவ்ரானுக்குப் போய் இவரிடம் சொன்னேன். இவர் முகம் கறுத்தது. “வீடு போனால் போகட்டும். உமக்கு வயித்துக்குள்ளை ஒண்டும் செய்யேல்லையோ?” என்றார். அந்த ஒரு கேள்விக்காக இவரை நான் இன்றுவரை விட்டுவைத்திருக்கிறேன். பக்கத்தில் இருந்த தமையன், சோறும் போட்டுச் சாப்பிடத் தந்திருக்கலாமே என்று சொல்லிச் சிரித்தார்.

திங்கட்கிழமை மதாம் கிளேர் கூப்பிட்டார். மேசையில் கொந்த்ரா இருந்தது, பக்கத்தில் புது விதித் தாள். கடைசியில் ஒரு வரி கூடியிருந்தது: “பொருட்களைக் கையாலோ பல்லாலோ தொடக்கூடாது.” இரண்டிலும் கையெழுத்து வாங்கினார். எபினே வீட்டுக்குப் போன முதல் நாள், தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, நானும் இவரும் ஆசை தீரச் சத்தமாகச் சண்டை பிடித்தோம்.

ஒரு வருடம் பல வருடமாகி, இன்றும் அங்கேதான் வேலை செய்கிறேன். கதை அதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். ஆனால் அருங்காட்சியகங்களில் பத்து வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பொருளும் எழுதிய இடத்தில் இருக்கிறதா என்று நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டுமாம். போன மாதம் பதிவேட்டுப் பிரிவிலிருந்து ஒரு அம்மா கணினியோடு என் மேசைக்கு வந்தார். சிரிப்பில்லாத மனுஷி. கவுனின் கோப்பில் ஒரு நூல்துண்டு இருக்கிறது, இருக்கும் இடமாக என் வயிறு பதிவாகியிருக்கிறது, தான் அதைச் சரிபார்க்க வேண்டும் என்றார். மதாம் கிளேர் தலை நிமிராமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா என் வயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு “பார்க்கப்படவில்லை” என்று பதிந்துவிட்டுப் போனார்.

இதை வீட்டில் சொன்னது என் பிழை. இப்போது சாவியைக் காணவில்லையா, இவருடைய ரயில் அட்டையைக் காணவில்லையா, எட்டு வயது மகள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பிரெஞ்சில் சொல்கிறாள். இவர் எனக்குப் பிரெஞ்சு தெரியாததுபோல அதைத் தமிழில் திருப்பிச் சொல்கிறார்: “அம்மாவின்ர வயித்துக்குள்ளை பாருங்கோவாம்.”

நேற்று மகளின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோலைக் காணவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும், கேட்கவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு நூலைக் கடித்தேன், மறக்காமல் துப்பினேன்.