வரைந்து கேட்டால்தான் ரொட்டி

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றுவிட்டதால் பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜொகூர் மாநிலத்திலேயே மாணவர்களைப் பட்டினி போட்டுப் பாடம் நடத்திய ஒரே வாத்தியார் எங்கள் பென்சில் சார்தான். கூலாய்ப் பக்கம் ஒரு கட்டடக்கலைக் கல்லூரி கேன்டீனில் நான் ரொட்டி போடுகிறேன். அவர் மாணவர்கள் யாரும் வாயால் கேட்டு வாங்கக் கூடாது. வேண்டியதைக் காகிதத்தில் வரைந்து நீட்ட வேண்டும். வரைந்ததை மட்டும் நான் கொடுக்க வேண்டும்.

ஒருவன் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் வரைந்தான், தட்டு வரையவில்லை. சுடச்சுடக் கையில் வைத்தேன்.

“அலமாக்! சுடுது அண்ணே!”

பின்னாலிருந்து சார் கேட்டார்: “வீடு கட்டுறப்பவும் இப்படித்தான் அஸ்திவாரத்த மறப்பியா?”

“கம்ப்யூட்டர் இருக்கே சார்!”

“அது கோடு போடும் லா. பாக்குறது யாரு? கை வரைஞ்சாதான் கண்ணு ஒழுங்கா பாக்கும்.”

காஹாங்கிலிருந்து வந்த கவிதாதான் பாவம். கம்ப்யூட்டரில் மாளிகையே எழுப்புவாள். கையால் வரைய வருவது முட்டை ஒன்றுதான். ஆகவே தினமும் முட்டை. கைவரைத் தேர்வில் தோற்றால் படிப்பை விட்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஒருநாள் சார் என் காதருகே வந்தார். “தம்பி, முட்டைக்கு அடியில கொஞ்சம் சோறு மறைச்சு வையுங்க. நான் சொன்னேன்னு தெரிய வேணாம்.”

முட்டை எப்படிச் சோற்றை மறைக்கும்? குன்று போலச் சோறு குவித்து, உச்சியில் முட்டையை நட்டுக் கொடுத்தேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. “எனக்குப் பிச்சையா போடுறீங்க, அண்ணே?”

எனக்குப் பெண்பிள்ளைகளிடம் பேச்சு வராது. திரும்பி அடுத்த ரொட்டிக்கு மாவை வீசினேன். அவள் தட்டை நகர்த்திவிட்டு, ரொட்டிக் கல்லுக்கு எதிரே உட்கார்ந்து நான் மாவு வீசுவதை வரைய ஆரம்பித்தாள். மறுநாளும் வந்தாள். அதன் பிறகு தினமும் வந்தாள். முதலில் அவள் படத்தில் என் கை தவளை மாதிரி இருந்தது. பிறகு கை மாதிரி ஆனது. கடைசியில் மாவு காற்றில் விரிவதே தெரிந்தது. அன்று மீன் குழம்போடு முழுச் சாப்பாடு வரைந்து வாங்கினாள்.

தேர்வன்று கம்ப்யூட்டரை மூடிவிட்டு, அங்கிருந்த படிக்கட்டை வரையச் சொன்னார்களாம். சார் காலையிலிருந்து என் கடையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மத்தியானம் அவள் ஓடி வந்தாள். “சார், பாஸ்!”

“கோடு தடிமனா போட்டிருப்ப,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “தம்பி, ரெண்டு ரொட்டி.”

“வாயால கேக்கக் கூடாது சார்! வரைங்க!” என்று பென்சிலை நீட்டினாள்.

வாங்கினார். காலையிலிருந்து பட்டினி கிடந்த கை. கோடு எங்கெங்கோ போனது.

“என்னா சார் இது, புழுவா?”

அது என்ன என்று நான் கேட்கவில்லை. இரண்டு ரொட்டியும் தட்டு நிறையப் பருப்பும் வைத்து, ஆறுவதற்குள் சாப்பிடச் சொன்னேன்.

எழுதியது: தைப்பூசத்துக்கு மறுநாள், கடை விடுமுறையில்.