கேள்வியில் வந்த விருந்தாளி

"மிஸ், திரைக்குப் பின்னாடி ஒரு பெரியவர் உக்காந்திருக்கார். சூப் எங்கேன்னு கேக்கறார்."

பூசணிப் புட்டிங்கைக் கையில் ஏந்தி நின்ற கெஷாவை மிஸ் பில்கிரிம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஐந்தாம் படிவத்தில் சமையல் படிக்கும் ஐந்து பேரில் கெஷாதான் கடைசி. சூப்பை மறந்துவிட்டுப் புட்டிங்கைக் கொண்டுபோவது அவளுக்குப் புதிதல்ல. பெரியவர்தான் புதிது.

"எந்தப் பெரியவர்?"

"தெரியல மிஸ். என்னை அண்ணன் பேத்தின்னு கூப்பிடறார்."

படகுத்துறையில் காத்திருக்கும் யாராவது வெயில் தாங்காமல் உள்ளே வந்திருப்பார் என்று நினைத்து மிஸ் திரையை விலக்கினார். வெள்ளை விரிப்பு போட்ட மேசையில், கெஷா பயிற்சிக்காக வைத்த ஒற்றைத் தட்டுக்கு முன்னால், ஒரு கிழவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். வாய் உள்ளே ஒடுங்கியிருந்தது. சட்டை போட்டிருந்தார், ஆனால் அது என்ன நிறம் என்பது பார்க்கப் பார்க்கவே மறந்துபோனது.

"ஐயா யாரு?"

"எண்பது வயசு," என்றார் கிழவர். "பல் கிடையாது. சர்க்கரை உண்டு. தங்க வந்திருக்கேன்."

"பேரு?"

கிழவர் தட்டைத் தூக்கி அடியில் பார்த்தார். "பேரா? அது கேள்வியில இல்லையே."

மிஸ்ஸுக்கு முதுகில் ஈரத்துணியைப் போட்டதுபோல இருந்தது.

செய்முறைத் தேர்வில் 'ஒரு கோழியை வறு' என்று நேராகக் கேட்டால் பரிட்சை வைப்பவர்களுக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. யாராவது ஒரு உறவினர் வருவார். வருகிறவர் சும்மா வரமாட்டார், நோயைக் கூட்டிக்கொண்டு வருவார். அவருக்கு ஏற்றதைத் திட்டமிட்டு, சமைத்து, மேசை போட்டுப் பரிமாற வேண்டும். வெள்ளிக்கிழமைத் தேர்வுக்காகத் திங்கட்கிழமை சீட்டு எடுத்தபோது கெஷாவுக்கு வந்த சீட்டு இது: 'உன் தாத்தாவின் தம்பி, வயது எண்பது, பல் இல்லாதவர், சர்க்கரை நோயாளி, உன் வீட்டில் தங்க வருகிறார். அவருக்கு மதிய உணவு தயாரித்துப் பரிமாறுக.'

கேள்வியில் சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

"ஆலிவ் டான்டி!" என்று மிஸ் கூவினார்.

டான்டி என்று ஊரே அத்தை முறை கொண்டாடும் ஆலிவ் கயென், பள்ளிச் சமையலறையின் உதவியாளர். இந்த வயதிலும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோப்பார். அப்படிப்பட்ட கை, ஒவ்வொரு வருஷக் கடைசி விருந்திலும் பிள்ளைகள் மிஸ்ஸுக்குப் பரிமாறும் தட்டை மட்டும் எப்படியாவது தட்டிவிட்டுவிடும். இதுவரை இருபத்தொரு தட்டு. மிஸ் பேசாமல் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைத் தின்றுவிட்டுப் போவார்.

டான்டி வந்தார், கிழவரைப் பார்த்தார், விரிப்பைப் பார்த்தார். "ஐயையோ, தப்பு என் பேர்லதான் மிஸ். ஸ்கூல் விரிப்பைக் கரையான் தின்னுடுச்சேன்னு வீட்டுத் துணியைக் கொண்டாந்தேன். இது எங்க பெரியவங்களுக்குப் படையல் வெக்கற துணி."

கரியாக்கூத் தீவில் கல்யாணமானாலும் புதுப் படகு கடலில் இறங்கினாலும் முதல் தட்டு செத்துப்போன மூத்தோருக்குத்தான். வெள்ளைத் துணி விரித்து, இன்னாருக்கு என்று சொல்லித் தட்டு வைத்து, கதவைச் சாத்திவிடுவார்கள். எட்டிப் பார்க்கிற பழக்கம் இல்லை.

"இவர் செத்தவர் இல்லையே டான்டி! இவர் பொறக்கவே இல்லையே!"

"துணிக்கு அதெல்லாம் தெரியுமா மிஸ்? ஆளைச் சொல்லித் தட்டு வெச்சாங்க, ஆள் வந்துட்டாரு. இதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவைதான் இது ஸ்கூலுக்கு வந்துச்சு."

"இப்ப இவரை எப்படி அனுப்பறது?"

"மனசு நெறைஞ்சு சாப்பிட்டா எந்திரிச்சுப் போயிடுவார். தட்டுல பரிமாறினதுதான் கணக்கு, வெளிய தின்னா கணக்கில்ல."

"சாப்பிடலேன்னா?"

டான்டி முந்தானைபோல் தொங்கிய ஏப்ரனில் கையைத் துடைத்தார். "இருந்துடுவாங்க. இருந்தாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது மிஸ். நல்லபடியாத்தான் இருப்பாங்க."

அதற்குள் கெஷா சமாதானமாக இருக்கட்டும் என்று புட்டிங்கைத் தட்டில் வைத்துவிட்டாள். கிழவர் ஒரு வாய் தின்று பார்த்துத் தட்டைத் தள்ளினார். "ஒண்ணரைக் கோப்பை சர்க்கரை. என்னைக் கொல்லப் பாக்கறியா, அண்ணன் பேத்தி?"

அவர் இருந்துவிட்டார்.

புதன்கிழமை காலை சமையலறையைத் திறந்தபோது, விட்ட இடத்தில் விட்ட மாதிரியே, கைகள் மடியில் இருக்க உட்கார்ந்திருந்தார். கண்ணைக்கூட மூடியதாகத் தெரியவில்லை. அவருக்கு முன்னால் இருந்த தண்ணீர்க் கோப்பையில் ஈ ஒன்று விளிம்பு வரை வந்து, யோசித்து, திரும்பிப்போனது.

பயிற்சியை நிறுத்தவும் வழியில்லை. இந்த வருஷம் ஒருவர் பெயிலானாலும் சமையல் வகுப்பை மூடிவிட்டுக் கம்ப்யூட்டர் அறையாக்குவதாகவும், மிஸ் பில்கிரிமைக் கடலுக்கு அந்தப் பக்கம் பெரிய தீவான கிரெனடாவுக்கு மாற்றுவதாகவும் கடிதம் வந்திருந்தது. மிஸ் அதை மாவு டப்பாவுக்கு அடியில் செருகி வைத்திருந்தார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் மத்தியானப் படகில் வந்து இறங்கியவர் அவர். படகின் பெயர் 'லேடி பில்கிரிம்'. படகுக்கும் எனக்கும் ஒரே பேர் என்று சொல்லிச் சிரிப்பார். வந்த அன்றே பள்ளியில் விருந்து வைத்திருந்தார்கள். சோற்றில் இறால், இறால் அவருக்கு ஆகாது. தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு மறுநாளே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு அவருக்கு வேறு ஊர் இல்லை, வேறு மனிதர் இல்லை.

"துணியை மாத்திடலாம்," என்று முடிவு செய்து பழைய செய்தித்தாளை விரித்தார்.

"பேப்பர்ல சாப்பிட நான் என்ன வறுத்த மீனா?" என்றார் கிழவர். விரிப்பு திரும்பி வந்தது.

அடுத்து மார்வாவின் முறை. வகுப்பிலேயே கெட்டிக்காரி, வாய் அதைவிடக் கெட்டி. அவள் கேள்வி: 'கால்பந்துப் போட்டிக்கு முன் இரட்டைச் சகோதரர்களுக்கு ஆற்றல் தரும் உணவு.' அவள் இரண்டு தட்டை வைத்ததுதான் தாமதம், கிழவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர். அச்சுப் பிசகாத ஒரே முகம். ஒருவன் இடப்பக்கம் மெல்லும்போது மற்றவனும் இடப்பக்கம் மென்றான். மக்ரோனி, கோழி, வாழைப்பழம் எல்லாம் காலி. வாயைத் துடைத்து, ஒரே குரலில் நன்றி சொல்லி எழுந்து மைதானத்துக்குப் போனார்கள். மழை பெய்து நனைந்த மண்ணில் நான்கு பூட்ஸ் தடம் கோல் கம்பம் வரை போயிற்று. அதற்கு மேல் இல்லை.

மார்வாவின் வாய் அன்று முழுக்கத் திறக்கவில்லை. அது ஒன்றுதான் நல்லது.

"பாத்தியா கெஷா, ஒழுங்கா சமைச்சா போயிடறாங்க," என்றார் மிஸ்.

கெஷா ஒழுங்காகத்தான் சமைத்தாள், அவள் ஒழுங்கில். மசிக்க மறந்த கேரட், வேகாத சேனை. கிழவர் ஈறைத் தடவிக் காட்டினார். "மெல்ல முடியல."

வியாழக்கிழமை மிஸ் பில்கிரிம் செய்யக்கூடாத ஒரு காரியத்தைச் செய்தார். பிள்ளைக்குக் கொஞ்சம் சுலபமாக இருக்கட்டும் என்று, கெஷாவின் சீட்டில் 'பல் இல்லாதவர்' என்ற சொற்களைப் பென்சிலால் அடித்தார்.

திரைக்குப் பின்னால் 'கடக்' என்று ஒரு சத்தம்.

போய்ப் பார்த்தால், கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டும் இருந்தன. எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை. கையில் இருந்த மரக்கரண்டியில் பாதி இல்லை.

"ரொம்ப நன்றி டீச்சரம்மா. ஆட்டுக்கறி இருக்கா?"

அரை மணி நேரத்தில் வெள்ளிக்கிழமைக்கு வாங்கி வைத்த கேரட், பச்சைத் துவரை, தேங்காய் மூன்று (ஓட்டோடு) எல்லாம் தீர்ந்தன. கணக்கில் சேராத சாப்பாடு என்பதால் ஆள் மட்டும் அசையவில்லை. மிஸ் ஓடிவந்து ரப்பரால் பென்சில் கோட்டை அழித்தார். பல் போயிற்று.

"குடுத்துட்டுப் புடுங்கறீங்களே, இது நியாயமா?" என்று கிழவர் வாய் குழறக் கேட்டபோது, பாவம், நியாயமாகத்தான் பட்டது.

கெஷா மூலையில் உட்கார்ந்து அழுதாள். "நான் பெயிலாயிடுவேன் மிஸ். என்னால உங்களைப் படகேத்திடுவாங்க. உங்க அம்மா உங்களுக்கு எப்படிச் சமைக்கக் கத்துக்குடுத்தாங்க? அதையாச்சும் சொல்லுங்க."

"அது பாடத்துல இல்ல. கண்ணைத் துடை," என்றார் மிஸ். எப்போது யார் கேட்டாலும் அதே பதில்தான். ஆனால் அன்று அவள் தலையில் கை வைத்தார். "கெஷா, புஸ்தகத்தை மூடு. நாளைக்கு அவரையே கேளு."

வெள்ளிக்கிழமை காலைப் படகில் தேர்வாளர் மிஸஸ் ஹெக்டர் வந்தார். உருண்டையான உடம்பு, ஒடுக்கமான கைப்பை, தட்டுக்கு அடியிலும் தூசி தேடும் கண். நேராகத் திரையை விலக்கினார். அங்கே கிழவர், அன்று மறுபடி தட்டு வைத்ததும் திரும்பி வந்துவிட்ட இரட்டையர், அவரவர் கேள்வியில் வந்த இன்னும் மூன்று பேர், அனைவரும் கைகளை மடியில் வைத்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

மிஸ் பில்கிரிம் அடுப்பைப் பிடித்துக்கொண்டார். போச்சு.

"அடேயப்பா!" என்றார் மிஸஸ் ஹெக்டர். "ஆளையே நடிக்கக் கூட்டிட்டு வந்துட்டீங்களா? முப்பது வருஷமா பரிட்சை வெக்கறேன், விருந்தாளியோட நிக்கற ஸ்கூல் இதுதான்!"

யாரும் மறுத்துப் பேசவில்லை. மார்வாகூட.

கெஷா கரண்டியை வைத்துவிட்டுக் கிழவரிடம் போனாள். "சின்னத் தாத்தா, உங்களுக்கு என்ன புடிக்கும்?"

கிழவர் திடுக்கிட்டார். வெறுமையாக இருந்த முகத்தில் ஏதோ ஓடியது. "என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்ல. எது ஆகாதுன்னு மட்டும்தான் எழுதியிருந்தாங்க." பிறகு மெதுவாக, தானே அப்போதுதான் கண்டுபிடிப்பதுபோலச் சொன்னார்: "மக்காச்சோளக் களி. குழைவா. கீரைக் குழம்பு. கொஞ்சமா கருவாடு, முள் எடுத்து."

கெஷா கிண்டினாள். கட்டியில்லாத களி அவள் கையில் வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. கிழவர் கடைசிக் கவளம் வரை வழித்துத் தின்றார். எழுந்தபோது அவர் சட்டை நீல நிறம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு வாசலைத் தாண்டினார். வாசலுக்கு வெளியே வெயில் மட்டும் இருந்தது.

மற்ற விருந்தாளிகளும் தட்டைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். ஐந்து பிள்ளைகளும் பாஸ். கெஷாவுக்கு 'விருந்தோம்பல்' என்ற கட்டத்தில் முழு மதிப்பெண். மிஸஸ் ஹெக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படகுக்குப் போனதும் பிள்ளைகள் மிஸ்ஸைத் தூக்காத குறை.

"வகுப்பு மூடாது! மிஸ் எங்கயும் போக மாட்டாங்க!"

"மிஸ், நீங்க ஒருநாள்கூட எங்க கையால சாப்பிட்டதில்ல," என்றாள் மார்வா. "இன்னிக்கு விடமாட்டோம். கோழிச் சோறு. இறால் வாசனைகூடக் கிடையாது. உங்களுக்குன்னே செஞ்சது. உக்காருங்க."

வெள்ளை விரிப்பில் ஒற்றைத் தட்டு. ஆவி பறந்தது. மிஸ் பில்கிரிம் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பசி அவருக்கு எடுத்ததே இல்லை. இது எங்கிருந்து வந்த பசி என்று அவருக்கே பயமாக இருந்தது. கைகள் தாமாக மடிக்குப் போயின. பிறகு கரண்டியை எடுத்தார்.

ஆலிவ் டான்டி குறுக்கே பாய்ந்தார். தட்டு பறந்து சுவரில் மோதிச் சிதறியது.

"டான்டி!" என்று பிள்ளைகள் அலறினார்கள்.

மிஸ் எழுந்துவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் கண் கலங்கியிருந்தது. "இருபத்திரண்டு தட்டு டான்டி! என்மேல அப்படி என்ன பகை உங்களுக்கு?"

டான்டி விரிப்பை உருவி, நான்காக மடித்து, மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"பகையா? இந்தத் துணி மொதத் தடவை இங்க வந்தது என் மக பரிட்சைக்கு, மிஸ். 'புதுசா ஒரு டீச்சர், கண்ணாடி போட்டவங்க, இறால் ஆகாது, மத்தியானப் படகுல வர்றாங்க'ன்னு கேள்வி. அவ சோத்துல இறாலைப் போட்டுப் பெயிலாயிட்டா. அதுக்காக இந்த இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள்கூட நான் அவளைத் திட்டினதில்ல."