மந்தைவெளிச் சிம்மாசனம்

1996 ஆவணியில் மந்தைவெளியில் மூட்டுவலி ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. ஒழித்தவர் ஆசனானந்த சுவாமிகள். இடம், ஒரு கல்யாண மண்டபம். அடையாறிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் ஆட்டோவில் வந்து இறங்கிய கூட்டம் காலை ஐந்து மணிக்கே வரிசை கட்டியது. மூன்று மணி நேரம் நிற்க முடிந்தவர்களுக்குக் காலில் என்ன கோளாறு என்று யாரும் கேட்கவில்லை.

மேடையில் இரண்டு இருக்கைகள். ஒன்று ‘கர்ம மணை’. தரையிலிருந்து ஒரு சாண் உயரம் இருக்கும். பக்தர் அதில் கைகட்டி உட்கார்ந்து எழ முயல்வார். முடியாது. “பார்த்தீர்களா, முன்ஜென்மம் பிடித்து இழுக்கிறது!” என்பார் சுவாமிகள்.

அடுத்தது சிம்மாசனம். தொடையளவு உயரம், தடித்த மெத்தை, இரு பக்கமும் சிங்கத்தலைக் கைப்பிடி. சுவாமிகள் மயிலிறகால் முழங்காலைத் தடவுவார். பக்தர் கைப்பிடியை ஊன்றி எழுந்துவிடுவார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். எழ முடியாததற்கு முன்ஜென்மம் காரணம். எழ முடிந்ததற்குச் சுவாமிகள் காரணம். முழங்காலுக்கு இதில் சம்பந்தமே கிடையாது.

அப்படி எழுந்தவர்களில் ஒருவர் ராஜா அண்ணாமலைபுரம் வேம்பு. ஓய்வுபெற்ற கணக்குப் பேராசிரியர். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனவர். பிசியோதெரபிஸ்ட் டெல்பின் வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்தார். அவருடைய சோதனை ரொம்பச் சாதாரணம். சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, அரை நிமிஷத்தில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவார். வேம்பு மூன்றில் தொடங்கி ஒன்பது வரை வந்திருந்தார்.

சிம்மாசனத்திலிருந்து எழுந்த மறுநாள், அவர் மனைவி ஜானகி பயிற்சிக்கு வந்த டெல்பினிடம் வாசலிலேயே சொல்லிவிட்டார்: “இனிமே நீ வரவேண்டாம்மா. சுவாமிகள் குணப்படுத்திட்டார். தேகப்பயிற்சி பண்ணினா அருள் கலைஞ்சுடுமாம்.”

அருள் கலையாமல் ஒரு மாதம் வேம்பு சாய்வு நாற்காலியில் கிடந்தார். பிறகு குளியலறையில் விழுந்தார். எலும்பு தப்பியது, நெற்றியில் நாலு தையல். ஜானகி அழுதுகொண்டே போன் செய்ய, டெல்பின் ஓடி வந்து அதே நாற்காலியில் உட்காரவைத்து எண்ணினார். நான்கு.

“ஒன்பது வந்தவராச்சே சார் நீங்க! கிளம்புங்க, மண்டபத்துக்குப் போலாம்.”

“எதுக்கு? மறுபடியும் மயிலிறகா?”

“ஆமா. ஆனா இந்தத் தடவை எண்ணிப் பாக்கலாம்.”

ஜானகியும் கூடவே கிளம்பினார். மண்டபத்தில் கிடந்த ஓர் இரும்பு நாற்காலியை டெல்பின் மேடைக்கு இழுத்துப் போட்டார். “சுவாமி, இவர் இதுல எழுந்து உக்காருவார். எல்லாரும் எண்ணட்டும். அப்புறம் நீங்க தடவுங்க. மறுபடி எண்ணுவோம்.”

கூட்டம் உற்சாகமாக எண்ணியது. நான்கு. மயிலிறகு தடவியது. மறுபடி எண்ணியது. மூன்று.

“சந்தேகப் பேர்வழிக்கு அருள் இறங்காது!” என்று சீறினார் சுவாமிகள்.

“சரி. சந்தேகமே இல்லாத ஒருத்தர் கர்ம மணையில உக்காரட்டும். நீங்களே உக்காருங்க.”

கர்மமே இல்லாதவர் துள்ளி எழுவாரே என்று கூட்டம் கைதட்டியது. வேறு வழியில்லாமல் சுவாமிகள் உட்கார்ந்தார். கையைக் கட்டினார். எழுந்தார் என்று எழுத ஆசைதான். முன்னே சாய்ந்தார், பின்னே சாய்ந்தார், முகம் கத்தரிக்காய் நிறமானது. அருள்வாக்குக் குரல் கழன்று விழுந்தது.

“டேய், இன்னாடா பாத்துகினு நிக்கிறீங்க? தூக்குங்கடா! காலு மரத்துப் பூட்ச்சு!”

இரண்டு சீடர்கள் தூக்கினார்கள். டெல்பின் அளவு நாடாவை எடுத்தார். வேம்பு வகுப்பறைக் குரலில் அறிவித்தார்: “மணை எட்டு அங்குலம். சிம்மாசனம் இருபத்தாறு. பதினெட்டு அங்குலம் வித்தியாசம். இவ்வளவுதான் அருள்!”

முன்வரிசை மாமி ஒருவர் உருகினார்: “பாவம், நம்ம கர்மாவையெல்லாம் அவரே வாங்கிண்டுட்டார்!”

“வாயை மூடுங்கோ!” என்று திரும்பினார் ஜானகி. “எங்காத்துக்காரர் மண்டையில போட்ட தையல் தெரியலையா உங்களுக்கு? நான்தான் இவரை இங்க இழுத்துண்டு வந்தேன்!”

சுவாமிகள் பின்வாசல் வழியாகக் கிண்டிப் பக்கம் ஆட்டோ ஏறினார். மறுநாள் காலை வேம்பு கைகட்டி உட்கார, ஜானகியே எண்ணினார். பொங்கலுக்குள் வேம்பு பத்தைத் தொட்டுவிட்டார்.

ஐயா, அம்மா, அதிசயமாக உங்களை எவராவது எழுப்பிவிட்டால், முதலில் குனிந்து நாற்காலியின் காலைப் பாருங்கள். காலில் விழுவதற்கு மட்டும்தான் குனிய வேண்டும் என்று சட்டமில்லை.