கட்டை விரல் விலை

துண்டுக்கு அடியில் வன்னியபெருமாளின் கை வியர்த்தது.

தரகர் மனுவேல் அவருடைய மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்து ஓர் அமுக்கு அமுக்கினார். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. தூத்துக்குடியில், சங்கு அடைத்து வைக்கும் கிட்டங்கி ஓரத்தில் இரண்டு பெரிய மனிதர்கள் கையைக் கோத்துக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கிறார்கள். கைகளின் மேல் ஒரு துண்டு கிடக்கிறது. அவ்வளவுதான்.

"முப்பதா!" வன்னியபெருமாள் அலறிவிட்டார்.

"மெல்ல, அண்ணாச்சி!" மனுவேல் பல்லைக் கடித்தார். "வாயிலே பேசணும்னா துண்டு எதுக்கு? அந்தா நிக்கான் பாருங்க போலீஸ்காரன்."

முத்துக் குளிப்பு நடந்த காலத்தில் மனுவேல் இதே மாதிரித் துண்டுக்கு அடியில் முத்து விலை பேசியவர். ஒரு விரலுக்கு இவ்வளவு என்று முதலில் பேசிக்கொள்வது. அப்புறம் எல்லாமே விரல்தான். சரக்கு யாருடையது, அதைக் கேட்கிற இன்னொருத்தன் யார் என்பது தரகருக்கு மட்டுமே தெரியும். கழுத்தை அறுத்தாலும் சொல்ல மாட்டார். கடலில் முத்துக் குளிப்பு நின்று பல வருஷம் ஆகிவிட்டது. துண்டு சும்மா கிடந்தது. யுத்தம் வந்தது, பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. மனுவேல் துண்டை வெளுக்கப் போட்டு எடுத்துக்கொண்டார்.

இப்போது விரலுக்குப் பத்து ரூபாய். சரக்கு, இரண்டு காலன் டின் ஒன்று.

"யுத்தத்துக்கு முந்தி இந்த டின்னு மூணு ரூவா கூட இல்லையே, மனுவேலு?"

மனுவேல் துண்டுக்குள்ளேயே அவருடைய சுண்டு விரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகத் தொட்டார். "இது ஜப்பான்காரன். ரங்கூனைப் பிடிச்சுட்டான், எண்ணெய் வரத்து நின்னு போச்சு. இது ஜெர்மன்காரன். வார கப்பலை எல்லாம் முக்குதான். இது டில்லி சர்க்கார் வரி. இது மெட்ராஸ் சர்க்கார் வரி."

"கள்ளப் பெட்ரோலுக்கு ஏதுவே வரி?"

"கூப்பன் பெட்ரோலுக்கு வரி ஏறினா, கள்ளப் பெட்ரோலுக்கு மட்டும் மானம் மரியாதை வேண்டாமா? அதுவும் கூடவே ஏறத்தான் செய்யும்."

"சரி. கட்டை விரல் மிச்சம் இருக்கே?"

"அதுதான் உள்ளதிலேயே தடிச்ச விரல், அண்ணாச்சி." மனுவேல் அதைப் பிடித்து ஆட்டினார். "அது உங்களை மாதிரி ஆளு. இன்னைக்கே வேணும்னு வந்து நிக்கிறவரு."

வன்னியபெருமாள் கையை உருவிக்கொண்டார். "யோசிச்சுச் சொல்லுதேன்."

யோசிக்க நேரம் இல்லை என்பது அவருக்கே தெரியும்.

விளாத்திகுளத்தில் அவருடைய அண்ணன் சிவனணைந்தபெருமாள் படுக்கையில் கிடந்தார். சேதி கொண்டு வந்தவன், பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில் ஓடும் கரி பஸ்ஸின் கண்டக்டர். பஸ்ஸைப் பாதி வழியில் போட்டுவிட்டு நடந்தே வந்து சேர்ந்த அவன் முகமெல்லாம் கரி. "வயித்து நோவு, அண்ணாச்சி. தம்பி, தம்பின்னு உங்க நினைப்பாவே இருக்காராம். டீக்கடையிலே சொன்னாவ" என்றான். பஸ் எப்போது கிளம்பும் என்று கேட்டதற்கு வானத்தைக் காட்டினான்.

அண்ணனும் தம்பியும் பேசிப் பத்து வருஷம். சொத்துத் தகராறு இல்லை, பெண் தகராறு இல்லை. ஒரு ஓடைப் பாலத்தில் அண்ணன் காரும் தம்பி காரும் எதிரெதிரே வந்து நின்றன. ஒரு கார்தான் போகலாம். யார் பின்னால் எடுப்பது? "மூத்தவன் நான்" என்றார் அண்ணன். "பாலத்திலே முதல்லே ஏறினவன் நான்" என்றார் தம்பி. இரண்டு எஞ்சினும் உறுமிக்கொண்டே நின்றன. பெட்ரோல் மலிந்து கிடந்த காலம். மத்தியானம் இரண்டு டாங்க்கும் வற்றிப் போய், மாடு கட்டித்தான் இரண்டையும் இழுத்தார்கள். அன்றோடு போக்குவரத்து நின்றது.

"வில்வண்டியைக் கட்டிக்கிட்டுப் போங்களேன். நாளைக்குப் போய்ச் சேந்துரலாம்" என்றாள் மனைவி இசக்கியம்மாள்.

"ஏளா, அவர் வாசல்லே நான் மாட்டு வண்டியிலே இருந்து இறங்கவா? காரிலே போய் இறங்கணும். வந்துட்டேன் அண்ணேன்னு சொல்லணும்."

"அதுக்குள்ளே அவுக கண்ணை மூடிட்டா?"

அவருக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணெதிரே பாலம் வந்து நின்றது. எழுந்து கை கழுவினார். ஒரு யோசனை தோன்றியது. தன்னைப் பார்த்தால் பணக்காரன் என்று மனுவேல் விலை ஏற்றுகிறார். ஏழை மாதிரி ஓர் ஆள் போனால்?

மச்சான் ராஜதுரையை அழைத்தார். ராஜதுரையிடம் கிழிந்த சட்டைக்குப் பஞ்சமில்லை. "போ மாப்பிள்ளை. யார் அனுப்பினதுன்னு சொல்லாதே. சாமர்த்தியமா முடி."

ராஜதுரை சாயங்காலம் சிரித்துக்கொண்டே திரும்பினான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரிதான், அத்தான். நமக்கு முந்தி எவனோ ஒரு தலைக்கனம் பிடிச்ச பய, முப்பதுக்குக் கேட்டுட்டு யோசிக்கேன்னு போயிருக்கான். அவன் திரும்பி வந்தா என்ன செய்ய? அதான் ஒரே அடியா நாப்பதுன்னு விரலை நீட்டிட்டேன். பய ஓடியே போயிருவான்!"

வன்னியபெருமாள் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே... அந்தத் தலைக்கனம் பிடிச்ச பய நான்தாம்ல!"

மறுநாள் காலையில் கிட்டங்கிக்கு ஓடினார். "மனுவேலு, அந்தக் கிழிஞ்ச சட்டை என் மச்சான். அவன் விலகியாச்சு. பழைய விலைக்கு வாரும்."

"அது எப்படி வரும்? நாப்பதுன்னு கேட்டதும் இன்னொரு பார்ட்டி அம்பதுக்கு வந்துட்டே."

"இன்னொரு பார்ட்டியா? யாருவே அது?"

"துண்டுக்கு ஒரு தர்மம் இருக்கு, அண்ணாச்சி. கேக்கப்பிடாது."

கேட்க வேண்டியதே இல்லை. ஊரில் காரும் பணமும் திமிரும் சேர்ந்து இருப்பவன் இன்னொருவன்தான். உப்பள முதலாளி ஜீவமணி! வன்னியபெருமாள் எதை வாங்கினாலும் அதைவிட ஒரு சாண் பெரிதாக வாங்குபவன். கழுத்தில் இரண்டு சங்கிலி போடுபவன். அவனுக்கு எதற்குப் பெட்ரோல்? சினிமாவுக்குப் போவதற்காக இருக்கும். அல்லது இவரைப் பார்த்துச் சிரிப்பதற்காக இருக்கும்.

அந்த நிமிஷத்தில் அண்ணன் முகம் கொஞ்சம் மங்கிற்று. ஜீவமணியின் முகம் பளிச்சென்று வந்து நின்றது.

வீட்டுக்கு வந்து டிரைவர் அய்யாக்குட்டியைக் கூப்பிட்டார். "கடற்கரையிலே போய், போலீஸ் சோதனை வருதுன்னு கிளப்பி விடு. ஜீவமணி பயந்து ஒதுங்கிருவான்."

அய்யாக்குட்டி காரில்தான் சோம்பேறி. வதந்தியில் புலி. அரை மணி நேரத்தில் கடற்கரை முழுக்கச் சோதனைப் பேச்சு.

ஜீவமணி ஒதுங்கினானோ என்னவோ, டின் ஒதுங்கிவிட்டது.

"எவனோ படுபாவி புரளியைக் கிளப்பிட்டான்" என்று மனுவேல் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "சரக்குக்காரன் பயந்துபோய் டின்னைத் தோணியிலே ஏத்திக் கடலுக்குள்ளே நிறுத்திட்டான். இப்போ தோணி வாடகை, ஆள் கூலி எல்லாம் சேந்துட்டு. எழுவது."

"இது எந்த விரல் கணக்குவே?"

"இதுவும் கட்டை விரல் கணக்குத்தான், அண்ணாச்சி."

வன்னியபெருமாள் ஏழு விரலைக் கொடுத்தார். மனுவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிட்டங்கிக்குப் பின்னால் போனார். அங்கே இன்னொரு கை காத்திருந்தது போலும். திரும்பி வந்தவர் முகத்தில் தரகனுக்கு இருக்கக் கூடாத ஒரு வாட்டம்.

"எம்பது வந்துட்டு. ஆனா அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன். நீங்க விட்டுக் குடுத்திருங்க. அந்தப் பார்ட்டி கழுத்துச் சங்கிலியைக் கொண்டாந்து வச்சிருக்கு. பாத்தா பாவமா இருக்கு."

"சங்கிலியா?" வன்னியபெருமாள் வாய்விட்டுச் சிரித்தார். "ரெண்டுலே ஒண்ணைக் கழட்டிட்டானா? கழட்டட்டும். நல்லாக் கழட்டட்டும்!"

"ஏன் இப்படி நிக்கிய? என்ன அவசரம் உங்களுக்கு?"

"அது எனக்குத் தெரியும். நீட்டும் துண்டை."

இந்தத் தடவை இரண்டு கையையும் உள்ளே விட்டார். பத்து விரலையும் விரித்தார். தூரத்தில் நின்ற போலீஸ்காரன் பார்த்துவிட்டு, யாருக்கோ விலங்கு மாட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து ஒரு சலாம் வைத்தான்.

மனுவேல் கொஞ்ச நேரம் அந்தப் பத்து விரல்களையும் விடவில்லை. பிறகு, "சரி" என்றார். சந்தோஷமாகச் சொல்லவில்லை.

மத்தியானத்துக்கு முன்பே டின் வந்தது. அய்யாக்குட்டி அதைத் தாய்ப்பால் ஊற்றுவது போல டாங்க்கில் ஊற்றினான்.

"முதலாளி, இது போறதுக்குத்தான் காணும். திரும்பி வாரதுக்கு?"

"அண்ணன் வீட்டுக் கார் ஷெட்டிலே நிக்கில்லா? அதிலே கொஞ்சம் கேட்டு வாங்கிக்கிடலாம். நீ எடு."

மாப்பிள்ளையூரணி தாண்டும்போது எதிரே ஒரு குதிரை வண்டி வந்தது. உள்ளே சங்கிலி இரண்டும் மின்ன உட்கார்ந்திருந்தது ஜீவமணியேதான்.

"என்ன அண்ணாச்சி, காரா!" ஜீவமணி எட்டிப் பார்த்தான். "எங்கன கிடைக்கு பெட்ரோலு? நம்ம காரை மரக்கட்டையிலே ஏத்தி வச்சாச்சு. உள்ளே கோழி அடை காக்கு."

கார் அவனைக் கடந்துவிட்டது. வன்னியபெருமாள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"ஏலே அய்யாக்குட்டி, அவன் கழுத்திலே எத்தனை சங்கிலி?"

"ரெண்டு முதலாளி."

"அப்போ கழட்டினது யாரு?"

அய்யாக்குட்டிக்குச் சங்கிலி விவகாரம் தெரியாது. ஹாரனை அடித்தான்.

கரிசல் காடு இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்தது. முன்னால் ஒருவன் சைக்கிளில் எதிர்காற்றை மிதித்துக்கொண்டு போனான். சின்ன வயது. பின் கேரியரில் சாமான் எதுவும் இல்லை, கயிறு மட்டும் சுற்றியிருந்தது. ஹாரன் சத்தம் கேட்டுச் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, நடுரோட்டுக்கு வந்து இரண்டு கையையும் ஆட்டினான்.

"இடம் கேக்கான். நிறுத்தவா முதலாளி?"

"நிறுத்தி எடுத்தா வண்டி எவ்வளவு குடிக்கும் தெரியுமா? ஒதுக்கிப் போ."

ஒதுங்கிப் போனார்கள். அவன் ஏதோ கத்தியது புழுதிக்குள் அமுங்கிப்போயிற்று.

பழைய ஓடைப் பாலம் வந்தது. எதிரே யாரும் இல்லை. வன்னியபெருமாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புழுதி என்று சொல்லிக்கொண்டார்.

விளாத்திகுளத்தில் நுழையும்போதே எஞ்சின் இருமியது. தெருமுனையில் விக்கியது. அண்ணன் வீட்டு வாசலுக்கு நேரே வந்ததும் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. அய்யாக்குட்டி டாங்க்குக்குள் குச்சியை விட்டு எடுத்தான். குச்சி காய்ந்திருந்தது.

"அளவாத்தான் வாங்கியிருக்கோம், முதலாளி" என்றான்.

ஆசைப்பட்டபடியே வன்னியபெருமாள் காரிலிருந்து இறங்கினார். தெருவே பார்த்தது.

உள்ளே கட்டிலில் அண்ணன் சுருண்டு கிடந்தார். பாதியாகிப் போயிருந்தார். தம்பியைக் கண்டதும் உதடு கோணி ஒரு சிரிப்பு வந்தது. போர்வைக்கு அடியில் அவர் கை ஊர்ந்து வந்து, தம்பியின் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டது.

"காரிலேயா வந்தே?"

"ஆமாண்ணே."

"அன்னைக்கு... நான் பின்னாலே எடுத்திருக்கலாம்லே."

"நான் எடுத்திருக்கணும், அண்ணே. நான்தான் எடுத்திருக்கணும்."

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் மகனைக் காணோம். கடைசியாக அவனைப் பார்த்தபோது கால்சட்டை போட்ட பையன். இப்போது கல்யாணமாகிவிட்டது. அவன் பெண்டாட்டி செம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கிடந்தது.

வன்னியபெருமாள் அவளைக் கூடத்துக்கு அழைத்து வந்து கோபமாகவே கேட்டார். "இப்படிப் போட்டு வச்சிருக்கியளே, தாயி! டாக்டர் என்ன சொன்னாரு? ஷெட்டிலே காரை வச்சுக்கிட்டுத் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக என்ன கேடு?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுது வீங்கிய முகத்தில் ஒரு சின்னத் தெம்பு தெரிந்தது.

"இன்னைக்கு இருட்டுறதுக்குள்ளே கொண்டுபோய் வயித்தைக் கீறிட்டா பிழைச்சுக்கிடுவாருன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, சின்ன மாமா. மாட்டு வண்டிக் குலுக்கல் ஆகாதாம், நம்ம கார்லே சொட்டுப் பெட்ரோலு இல்லை. அதான் உங்க பிள்ளை நேத்தே என் சங்கிலியை வாங்கிக்கிட்டுச் சைக்கிள்லே தூத்துக்குடிக்குப் போயிருக்காக. அங்கன மனுவேலுன்னு ஒரு தரகராம், துண்டு போட்டு ரகசியமா ஒரு டின் பெட்ரோலு தாராராம். எப்படியும் வாங்கிட்டு வந்திருவாக. வார வழியிலே அவுகளைப் பாத்தியளா?"