ஆறுச்சாமியின் மூட்டு வலி

1993 ஆவணி மாதம் முழுக்கக் காந்திபுரத்திலிருந்து துடியலூர் வரும் டவுன் பஸ்களில் படிக்கட்டில்கூட இடமில்லை. கண்டக்டர்கள் ஸ்டாப்பின் பெயரையே மாற்றிவிட்டார்கள். "கணக்குச் சாமியெல்லாம் எறங்குங்க" என்றால் போதும், பாதி பஸ் காலி.

இடம் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத நாளெல்லாம் சாமிக்கு. கணக்குச் சாமி மற்ற சாமியார்களைப் போல வாயிலிருந்து லிங்கம் எடுக்கவில்லை, வெறுங்கையில் விபூதி வரவழைக்கவில்லை. அதெல்லாம் பழைய தொழில். இவர் கண்ணை மூடுவார். எதிரில் நிற்பவர் வீட்டில் பிறந்தது எத்தனை, தங்காமல் போனது எத்தனை, வெளியூர் போனது யார் என்று வரிசையாகச் சொல்வார். கலெக்டர் ஆபீஸில் நாலு நாள் அலைந்தாலும் கிடைக்காத விவரம் இங்கே நாலு நிமிஷத்தில்.

கணக்குச் சொல்லக் காசு வாங்க மாட்டார். கணக்கில் குறை இருந்தால் மட்டும் அதைச் சரிபண்ண ஒரு செம்புத் தகடு வாங்க வேண்டும். எல்லோர் கணக்கிலும் குறை இருந்தது.

வள்ளியாத்தாள் தன் மருமகள் சண்முகப்ரியாவைக் கூட்டிக்கொண்டு போனார். மருமகளுக்கு எட்டாம் மாதம்.

சாமி கண்ணை மூடினார். "மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனி. மொதல்ல ஒரு ஆண் கொழந்தை. ஊட்லயே பொறந்துது. ஒம்பதாம் நாள் போயிருச்சு."

வள்ளியாத்தாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தக் கொழந்தை இப்ப ஆஸ்பத்திரி வாசல்ல நிக்குது" என்றார் சாமி. "இவ அந்த வாசலை மிதிச்சா அடுத்ததையும் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிரும். பிரசவம் மதுக்கரையில நம்ம ஆசிரமத்துலதான்."

மதுக்கரை ஆசிரமத்தில் டாக்டர் கிடையாது. ஒரு உண்டியலும் ஒரு பசுவும் உண்டு.

திரும்பி வரும்போது சண்முகப்ரியா மெதுவாக ஆரம்பித்தாள். "அத்தை, பிரஷர் ஏறிக் கெடக்குது, கண்டிப்பா ஆஸ்பத்திரிக்குத்தான் வரோணும்னு டாக்டரம்மா சொன்னாங்களே. காலப் பாருங்க, எப்படி வீங்கியிருக்குதுன்னு."

"டாக்டரம்மாளுக்கு ஒம்பதாம் நாள் தெரியுமா? சாமிக்குத் தெரியுது. பேசாம வா அம்மணி."

வள்ளியாத்தாள் கெட்ட மாமியார் இல்லை. பயந்த மாமியார். கெட்டவர்களைவிடப் பயந்தவர்களிடம்தான் தகடு நன்றாக விற்கும்.

அடுத்த வாரம் ஃபர்சானா வந்தாள். கோட்டைமேட்டுப் பெண். புள்ளியியல் படித்துவிட்டு ஒரு மக்கள்தொகை ஆராய்ச்சி மையத்தில் வேலை. பிறப்பு, இறப்பு, பிழைக்கப் போனவர்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். சாமி கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலையை இவள் வெயிலில் நடந்து செய்கிறாள். இவளுக்கு யாரும் மாலை போட்டதில்லை. நாய் மட்டும் குரைத்தது.

சண்முகப்ரியா கதவைத் திறந்தாள். மாமியார் தகடு கட்டிய கையோடு கோயிலுக்குப் போயிருந்தார்.

"ஏனுங்க, மறுபடியுமா? போன மாசம்தானே வந்து எழுதிட்டுப் போனாங்க."

"யாருங்க வந்தாங்க?"

"சென்சஸ்காரர்னு சொன்னாருங்க. பேன்ட்டு போட்டு, பாக்கெட்ல ரெண்டு பேனா குத்தியிருந்தாரு."

"சென்சஸ் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சுங்க. எங்க ஆபீஸ்ல இந்தப் பக்கத்துக்கு என்னைத் தவிர ஆளே இல்ல. அவரு என்ன கேட்டாரு?"

"நீங்க கேக்கறதுதானுங்க. மகன் எங்க வேலைக்குப் போறாரு, மொதக் கொழந்தை என்ன கொழந்தை, ஊட்லயா ஆஸ்பத்திரியிலயா, எத்தனாவது நாள்ல…"

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். அந்த ஆள் கேட்ட அதே வரிசையில்தான் சாமி கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

விஷயத்தைக் கேட்ட ஃபர்சானா, "நான் வேணா உங்க அத்தைகிட்டச் சொல்லட்டுமா?" என்றாள்.

"உங்களையும் நம்ப மாட்டாங்க, என்னையும் நம்ப மாட்டாங்க. சாமி வாயில இருந்து வந்தாத்தான் நம்புவாங்க. உடுங்க, நீங்க எழுதுங்க."

"ஊட்டுல எத்தனை பேருங்க?"

"நாலு பேருங்க. அத்தை, அவரு, நானு, மாமா."

"மாமனார் எங்கீங்க?"

சண்முகப்ரியா உதட்டைக் கடித்தாள். "பொய் சொல்லிட்டேனுங்க. பழக்கமாயிருச்சு. மாமா செத்து மூணு வருஷம் ஆச்சு. ரேஷன் கார்டுல பேரு எடுக்கலை. கவர்மென்ட் ஆளு யாரு வந்தாலும் மாமா இருக்கறாருன்னு சொல்லோணும்னு அத்தை சொல்லி வெச்சிருக்கறாங்க."

"ஆளுக்கு இவ்வளவுன்னு சர்க்கரை."

"ஆமாங்க. அந்த ரெண்டு பேனாக்காரர்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். பேரு ஆறுச்சாமி, அறுவத்தஞ்சு வயசு, தோட்டத்துக்குப் போயிருக்கறாருன்னு. நம்போணுமேன்னு மூட்டு வலின்னுகூடச் சேர்த்துச் சொன்னேன்."

சொல்லிவிட்டு, வீங்கிய காலைத் தடவிக்கொண்டே சிரித்தாள். "அக்கா, வெள்ளிக்கிழமை மண்டபத்துக்கு வாங்க."

வெள்ளிக்கிழமை மண்டபம் வழிந்தது. முன்வரிசையில் ரேஷன் கடை வெங்கடபதி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சாமிக்கு விழுந்த கும்பிடுகளில் பாதி, போகிற வழியில் அவருக்கும் விழுந்தது. மோட்சம் எப்போது வரும் என்று தெரியாது. மண்ணெண்ணெய் திங்கட்கிழமை வரும்.

சண்முகப்ரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "சாமி, எங்க மாமா ஒடம்பு எப்படிங்க இருக்கும்? அதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

பக்கத்தில் இருந்த வள்ளியாத்தாள் மருமகளின் சேலையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் சாமி கண்ணை மூடியாகிவிட்டது.

"ஆறுச்சாமி. அறுவத்தஞ்சு வயசு. மூட்டு வலி. ஆனா உக்காந்திருக்கற ஆளில்லை, இந்த நிமிஷமும் உங்க தோட்டத்துல வேலையாத்தான் இருக்கறார். ஆயுசு கெட்டி. தொண்ணூறைத் தாண்டுவார். அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்க, முழங்காலுக்கு ஒரு தகடு கட்டறேன்."

அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் ஆறுச்சாமியின் எழவுக்கு வந்தவர்கள். இரண்டு பேர் பாடை தூக்கியவர்கள். தூக்கும்போது அவர் மூட்டு வலி என்று சொன்னதாக யாருக்கும் நினைவில்லை.

ஆனாலும் யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சாமி போய்விடுவார். அவரோடு சர்க்கரையும் போய்விடும். வெங்கடபதி முன்வரிசையில் இருக்கிறாரே. அந்த ஊரில் செத்தவர்களில் யார் யார் இன்னும் சர்க்கரை வாங்குகிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். ஒருவர் வாயைத் திறந்தால் எல்லோருடைய பெரியவர்களும் ஒரே நாளில் சாக வேண்டியிருக்கும்.

சண்முகப்ரியா மாமியாரைப் பார்த்தாள். "சாமி சொல்றது சரிங்களா அத்தை?"

வள்ளியாத்தாள் வெங்கடபதியைப் பார்த்தார். மருமகளின் காலைப் பார்த்தார். நெடுநேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"ஏனுங்க சாமி, எந்தத் தோட்டத்துல இருக்கறாருங்க?"

"அதான் சொன்னனே, உங்க தோட்டத்துல."

"எங்களுக்குத் தோட்டம் இல்லைங்க. அவரைப் பொதைச்ச காடுதானுங்க இருக்குது. மூணு வருஷமா அங்கதான் இருக்கறாரு." முன்வரிசைப் பக்கம் திரும்பினார். "வெங்கடபதி தம்பி, கேட்டுக்குங்க. எங்கூட்டுக்காரர் செத்துட்டாரு. பேரை அடிச்சுப்போடுங்க."

சாமி கண்ணைத் திறந்தார். அன்றுதான் முதல் முறையாக அவர் கண் அகலமாகத் தெரிந்தது. "நான் சொன்னது அவரோட ஆத்மாவைம்மா."

"ஆத்மாவுக்கு முழங்கால் இருக்குதுங்களா?" பின்னாலிருந்து ஒரு குரல்.

சென்னிமலை என்ற தறிக்காரர் தயங்கித் தயங்கி எழுந்தார். "எங்கம்மா போயி ரெண்டு வருஷம் ஆச்சுங்க. போன வாரம் சாமி எங்கூட்டுல ஆறு பேருன்னாரு. அஞ்சு பேருதானுங்க. ரேஷன்காரர் முன்னால காட்டிக் குடுக்கக்கூடாதுன்னு சாமி பெருந்தன்மையா அம்மாளையும் சேத்திச் சொல்றாருன்னு நெனச்சுப்போட்டேன்."

"நானும் அப்படித்தானுங்க நெனச்சேன்."

"எங்க சித்தப்பாவுக்கும் நூறு வயசுன்னாருங்க."

ஐந்து நிமிடத்தில் அந்த மண்டபத்தில் பத்துப் பதினைந்து பேர் செத்தார்கள். கடைசியில் எல்லோரும் வெங்கடபதியைப் பார்த்தார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"என்னை என்னத்துக்குப் பாக்கறீங்க? எங்கப்பாவும் கார்டுலதான் இருக்கறாரு."

ஃபர்சானா பின்வரிசையில் எழுந்து நின்றாள். "சென்சஸ்னு சொல்லி உங்க ஊடுகளுக்கு வந்த ஆளு யாருன்னு தெரியுங்களா?"

யாருக்கும் தெரியவில்லை. ஆனால் ரங்கநாயகி என்ற அம்மாள் வெளியே நின்ற சாமியின் வேனைக் காட்டினார். முன்சீட்டில் டிரைவர் செய்தித்தாளால் முகத்தை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். பாக்கெட்டில் இரண்டு பேனா. டிரைவருக்கு எதற்கு இரண்டு பேனா என்று அதுவரை ஒரு ஆளும் யோசிக்கவில்லை. கூட்டம் போய்த் தாளை எடுத்தது.

"நான் வெறும் டிரைவருங்க."

"ஏனுங்க, எங்கூட்டுல காப்பி குடிச்சீங்களே, மறந்துபோச்சுங்களா?" என்றார் ரங்கநாயகி. "பத்தலைன்னு ரெண்டு தடவ சர்க்கரை கேட்டீங்க. எங்க மாமியாரோட பங்குச் சர்க்கரை அது. அவங்க செத்து நாலு வருஷம் ஆச்சு."

வேன் நகரவில்லை. டயரில் காற்று இல்லை. யார் பிடுங்கினார்கள் என்று கண்ணை மூடிச் சொல்லும்படி சாமியைக் கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை. போலீஸ் வந்தது.

புரட்டாசியில் சண்முகப்ரியாவுக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. பிரஷர் ஏறி வலிப்பு வரும் நிலையில் கொண்டுபோனார்கள். இன்னும் அரை மணி நேரம் கழித்து வந்திருந்தால் இரண்டு பேரும் இல்லை என்றார் டாக்டரம்மா. மதுக்கரைக்குப் போயிருந்தால் பசுதான் பார்த்துக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற மல்லிகைப் பூக்காரி தவிர யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அவளும் பூ வாங்கத்தான் சொன்னாள்.

மாதம் இரண்டு கழித்து ஃபர்சானா மறுபடி வந்தாள். இந்த முறை வள்ளியாத்தாளே கதவைத் திறந்தார். தோளில் பேத்தி.

"ஊட்டுல எத்தனை பேருங்கம்மா?"

"நாலு பேரு கண்ணு. உள்ள வந்து எண்ணிப் பார்த்துட்டே எழுதிக்கோ."

உங்கள் வீட்டு விஷயத்தை எல்லாம் ஒரு சாமி சரியாகச் சொல்கிறாரா? கும்பிடுவதற்கு முன்னால், அதையெல்லாம் யாரிடம் சொன்னோம் என்று ஒரு தடவை யோசியுங்கள். நீங்கள் சொன்ன பொய்யையும் அவர் சரியாகச் சொன்னால், தகடு வாங்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.