மூன்றாவது சிலிண்டர் குறித்துப் பெரிய மாப்பிள்ளை எழுதுவது

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

பெரிய மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் மூத்த மகளும் பேத்தியும் நலம். நம் மெக்கானிக் ஷெட்டும் நலம். உங்கள் வேன் மட்டும் நலமில்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு கட்டு இன்னும் பிரிக்கவில்லை, மைத்துனர் வீட்டில் படுத்தே இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். போனில் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை போனை வாங்கி, "சின்ன மாப்பிள்ளை சாப்பிட்டாரா?" என்று கேட்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதத்தை அங்கே வரும் லாரிக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். இதையும் அத்தைதான் உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். அத்தை, உங்களுக்கும் என் வணக்கம். எந்த வரியையும் விழுங்காமல் வாசிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கிளம்பும்போது நீங்கள், "திரும்பி வந்ததும் ஷெட் சாவியை யாராவது ஒருத்தர் கையில குடுத்துடறேன், இனிமே என்னால முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள் அல்லவா, அந்த 'யாராவது ஒருத்தர்' அன்றிலிருந்து என் தொண்டையிலேயே நிற்கிறது. உங்கள் மகளைக் கட்டுவதற்கு முன்பே அந்த ஷெட்டில் வண்டிக்கு அடியில் படுத்தவன் நான். சின்ன மாப்பிள்ளை போன வருஷம் தோளில் ஒரு பையும் பைக்குள் வண்டிக் கோளாறைத் திரையில் காட்டும் ஒரு ஸ்கேனருமாக வந்து இறங்கியவர். சரி, அதை விடுங்கள், வேனுக்கு வருகிறேன்.

இரும்பு பீரோக்களை ஏற்றிக்கொண்டு பாலத்து ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தபோது வேன் இரண்டு முறை திக்கி, மூச்சை விட்டுவிட்டது. கயிறு கட்டி ஷெட்டுக்கு இழுத்து வந்தோம். நான் கையைத் துடைத்துக்கொண்டு பானெட்டைத் திறப்பதற்குள் சின்ன மாப்பிள்ளை ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் ஒயரைச் செருகி, சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லாமல், "டீசல் பம்ப் போயிடுச்சு அண்ணே. பிரஷர் ஏறவே இல்ல. பம்பை மாத்தினா போதும், எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது" என்றார். டீ கொண்டுவந்த உங்கள் மூத்த மகள், "பாத்தீங்களா, உட்கார்ந்த இடத்துலேயே சொல்லிட்டார்" என்று சொல்லி முதல் டீயை அவரிடம் நீட்டினாள். அவருக்குக் கொடுத்த கப்புக்குக் கீழே சாசர் இருந்தது. எனக்கு வந்தது வெறும் கப். இதையெல்லாம் கவனிக்கிற ஆள் நான் இல்லை, கண்ணில் பட்டதால் எழுதுகிறேன்.

நான் விடவில்லை. "பம்ப் சும்மா சாகாது தம்பி. உள்ள இருக்கிற இரும்பையெல்லாம் அரைச்சு, போற வழியெல்லாம் துப்பிட்டுத்தான் சாகும்" என்று சொல்லிவிட்டு, ஃபில்டரைக் கழற்றி அதிலிருந்த டீசலை வீட்டிலிருந்த வெள்ளைத் தட்டில் ஊற்றினேன். ஜிகினா கொட்டினது போல மின்னியது. பிரிட்ஜ் கதவில் உங்கள் பேத்தி ஒட்டி வைத்திருக்கும் வாத்து பொம்மைக் காந்தத்தைத் தட்டுக்கு அடியில் நகர்த்தினேன். இரும்புத் தூள் வாத்துக்குப் பின்னாலேயே ஊர்ந்து போயிற்று. உங்கள் வேன் நாசமானதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் மாமா, மன்னித்துவிடுங்கள். ஆனால் அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? சண்டைக்கு வரவில்லை, முகம் சுருங்கவில்லை. "சூப்பர் அண்ணே. இது என் மெஷின்ல தெரியவே தெரியாது" என்று என் தோளைத் தட்டினார். உடனே உங்கள் மகள், "எவ்வளவு தன்மையா ஒத்துக்கறார் பாருங்க" என்றாள். கண்டுபிடித்தது நான், பாராட்டு அவருக்கு. இப்படிப்பட்ட ஆளோடு மனிதன் எப்படிப் போட்டி போடுவது?

பம்ப் தூளைத் துப்பியது போதாது, எஞ்சினும் போயிருக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்தபின் தேடுவது சுலபம். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை வெளியே எடுத்தேன். மூன்றாவது இன்ஜெக்டரின் வாயில் தூள் மாட்டிக்கொண்டு மூடாமல், மூக்கு ஒழுகுகிற குழந்தை போல டீசல் ஒழுகிக்கொண்டிருந்தது. அப்படி ஒழுகினால் கீழே பிஸ்டன் உருகவும் செய்யும், டீசல் இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலக்கவும் செய்யும். ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பார்த்தேன், டீசல் வாடை தூக்கியடித்தது. "தம்பி, மோந்து பாருங்க" என்று நீட்டினேன். பக்கத்தில் நின்ற உங்கள் பேத்தி, "அப்பா, உங்க மேலேயே அந்த வாடைதான் வருது" என்றாள். பெற்ற மகளும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள்.

அதற்குமேல் பொறுக்க முடியாமல் காம்ப்ரஷன் மீட்டரை எடுத்தேன். இன்ஜெக்டரைக் கழற்றிய ஓட்டையில் மீட்டரைப் பொருத்தி எஞ்சினைச் சுற்றினால், உள்ளே காற்று இறுகுகிறதா என்று முள் சொல்லிவிடும். ஒன்று, இரண்டு, நான்கு எல்லாம் முள் விறைப்பாக ஏறியது. கடைசிக்கு வைத்திருந்த மூன்றாவதில் பாதியிலேயே சோர்ந்து நின்றது. வீட்டிலிருந்த எல்லோரையும் கூப்பிட்டு முள்ளைக் காட்டினேன். பிஸ்டன் போச்சு, எஞ்சின் ஹெட்டைக் கழற்ற வேண்டும், மெஷின் சொன்னது தப்பு என்று அறிவித்தேன். சின்ன மாப்பிள்ளை கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "அண்ணே, எதுக்கும் இன்னொரு தடவை செக் பண்ணிக்கலாமா?" என்றார். "மெஷின் வச்சிருக்கிறவர் ஒரு தடவை சொன்னா வேதவாக்கு, நான் சொன்னா ரெண்டு தடவை பாக்கணுமா?" என்று கேட்டேன். குட்டிக் கேமரா இருக்கிறது, ஓட்டை வழியாக விட்டுப் பிஸ்டனையே பார்த்துவிடலாம் என்றார். "வயித்துக்குள்ள ஒயரை விட இது என்ன ஆஸ்பத்திரியா? இந்த வண்டியை நான் பாத்துக்கறேன், நீங்க வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டேன். ஒயரைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த தெருதான் வீடு என்றாலும் அதற்குப் பிறகு ஷெட் பக்கம் வரவில்லை. வராததற்காகவும் எல்லோரும் என்னைத்தான் முறைக்கிறார்கள்.

எனக்குப் பொறாமைதான் மாமா. வேறு பேர் வைத்துச் சொல்லிப் பிரயோஜனமில்லை. உங்கள் வீட்டில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றே ஒன்று இருக்கிறது. அவர் வந்தால் அது தானாக அவருக்குப் பின்னால் வந்து நிற்கிறது. அவர் ஜோக் சொன்னால் சிரிக்கிறீர்கள், நான் சொன்னால் "அப்புறம்?" என்று கேட்கிறீர்கள். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். முன்பெல்லாம் ஒரு வண்டி நின்றுவிட்டால் இந்த வீட்டில் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். இப்போது அவருடைய திரையைப் பார்க்கிறார்கள். நானும் பக்கத்தில் நின்று அதையே எட்டிப் பார்க்கிறேன், அதுதான் தாங்கவில்லை.

ஆகவே, மெஷின் நல்லதென்று சொன்ன எஞ்சின் கெட்டுப்போயிருக்கிறது என்பதை மூன்றாவது சிலிண்டரின் சாட்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். சாவியைப் பற்றி முடிவெடுக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் கண் சீக்கிரம் தெளிய வேண்டும், கட்டுப் பிரித்ததும் உங்கள் பார்வையில் முதலில் படுவது என் முகமாக இருக்க வேண்டும். அத்தையின் முட்டி வலி குறைய வேண்டும். மைத்துனருக்கும் அவர் வீட்டாருக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
என்றும் உங்கள் பெரிய மாப்பிள்ளை

பி.கு: கவரை ஒட்டி மூன்று நாள் ஆனபின் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். லாரிக்காரர் நாளைக்குத்தான் கிளம்புகிறாராம். துணி துவைக்கப் போன உங்கள் மகள் என் சட்டையோடு வந்து, "இது என்ன, பாக்கெட்ல கிடந்துது?" என்று ஒரு மெல்லிய செம்பு வாஷரை நீட்டினாள். மீட்டரைப் பொருத்தும்போது அதற்கு அடியில் போட வேண்டிய வாஷர் அது. அது இல்லாவிட்டால் காற்று ஓரமாகக் கசிந்து முள் ஏறாது. மூன்றாவதுக்கு மாற்றும்போது ஆத்திரத்தில் அதைப் பைக்குள் போட்டிருக்கிறேன். வாஷரைப் போட்டு மறுபடி பார்த்தேன். மூன்றாவது மற்ற மூன்றுக்கும் சளைக்கவில்லை. இந்த முறை கையைக் கழுவிவிட்டு ஆயிலையும் முகர்ந்து பார்த்தேன், வாடை இல்லை; அன்றைக்கு அடித்தது என் கையின் வாடைதான். எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை.

அன்றைக்குச் சின்ன மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது என் முகத்தை அல்ல, என் சட்டைப் பையை என்பது இப்போதுதான் உறைக்கிறது. அத்தனை பேர் நடுவில் அதைச் சொல்லாமல் போயிருக்கிறார். அதற்காகவும் எனக்கு அவர்மேல் பொறாமையாக இருக்கிறது.

டேங்கையும் குழாய்களையும் கழுவி, புது பம்பும் புது இன்ஜெக்டர்களும் போட்டாகிவிட்டது. எஞ்சின் ஓடுகிறது, ஆனால் டொக் டொக்கென்று தட்டுகிறது. ஒவ்வொரு புது இன்ஜெக்டர் தலையிலும் ஒரு எண் பொறித்திருக்கிறார்கள். அதை வண்டியின் மூளைக்குச் சொன்னால்தான் தட்டுவது நிற்குமாம். அதைச் சொல்வதற்கு ஸ்கேனர் வேண்டும். சாவியைப் பற்றி மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். ஷெட் பூட்டுக்கு ஆரம்பத்திலிருந்தே இரண்டு சாவி உண்டு.

அத்தை, சின்ன மாப்பிள்ளை சாப்பிட்டாரா என்று எப்படியும் போன் பண்ணிக் கேட்கத்தான் போகிறீர்கள். அப்போதே, பையை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வரச் சொல்லிவிடுங்கள். மாமா சொன்னதாகச் சொல்லுங்கள். கைப்பிடி நாற்காலியை ஷெட்டுக்குக் கொண்டுவந்து துடைத்துப் போட்டிருக்கிறேன், அதை மட்டும் சொல்ல வேண்டாம்.